துண்டு கட்டிய கதவும் ஒரு கரடிப் புத்தகமும்

1

வசந்தம் வந்துவிட்டால் எங்கள் வின்ட்சர் நகர நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டுவார்கள். வாசல் கூடத்தில் மேசைகளைப் போட்டு, முதுகு கிழிந்தது, அட்டை போனது எல்லாவற்றையும் பரப்பி, சில்லறைக் காசுக்குக் கொடுத்துவிடுவார்கள். தையல் புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் நேற்றுப் போனேன். கிடைத்தது ஒரு கரடி.

சின்னப் பிள்ளைகளுக்கான படப்புத்தகம். அட்டையில் ஒரு கரடிக்குட்டி வாயை இறுக்க மூடிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டேன். இருக்காது, இதே புத்தகம் கனடா முழுக்க எத்தனையோ இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. அது மீன் குழம்புக் கறை, என் கைவேலைதான். பள்ளிக்கூடத்து நூலகத்தில் இருந்த புத்தகம் எப்படி ஊர் நூலகத்துக்கு வந்தது என்று தெரியவில்லை. எங்களை மாதிரி அதுவும் எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறது.

மேசையில் இருந்த அம்மாள் நல்லவர். "கறை இருக்கிறதே, வேறு நல்லது பார்க்கிறீர்களா?" என்றார். கறைக்காகத்தான் வாங்குகிறேன் என்று சொன்னேன். என் இங்கிலீஷில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார், சிரித்து வைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் காட்டினேன். நசீமாவுக்கு இப்போது பதின்மூன்று முடிந்துவிட்டது. அட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "எதுக்கும்மா இந்தக் குப்பையெல்லாம் தூக்கிட்டு வர்றே?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் பாட்டைப் போட்டாள். பாட்டா அது, லேத்தில் இரும்பு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது.

"கொஞ்சம் கொறைக்கச் சொல்லேன் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் சொல்ல மாட்டேங்க. வேணும்னா நீங்க போய்ச் சொல்லுங்க."

அவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் நசீமாவைச் சத்தம் போடாதே என்று சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். ஏன் சொல்வதில்லை என்று தெரியவேண்டுமானால் மூக்கண்டப்பள்ளிக்குப் போகவேண்டும்.

2

நான் பிறந்தது நாகரசம்பட்டி. அத்தா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். தோப்பில் வளர்ந்த தொண்டை எனக்கு. இந்தக் கோடியில் நின்று நான் கூப்பிட்டால் அந்தக் கோடியில் கிளிக் கூட்டம் எழும்பும். பெண் பார்க்க வந்தவர்களே நான் உள்ளே பேசியதை வாசலில் இருந்து கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்கள் என்று இவர் இன்றைக்கும் கேலி பேசுவார்.

கல்யாணமாகி ஓசூருக்குப் பக்கத்தில் மூக்கண்டப்பள்ளிக்கு வந்தேன். எண்பதுகளின் தொடக்கம். தொழிற்பேட்டையில் புதுப்புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். இவருக்கு ஒரு கம்பெனியில், மெஷினுக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்கிற டூல்ரூமில் வேலை. நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. இரண்டு வரிசையில் எதிரும் புதிருமாக வீடுகள், நடுவில் ஒரு சந்து, மேலே சிமெண்ட் ஷீட். சுவர் ஒற்றைச் செங்கல் கனம். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் நம் வீட்டில் விழுந்ததோ என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

வந்த மறுநாள் காலை சந்து முனையில் கீரைக்காரி தெரிந்தாள். "என்னா கீர வச்சிருக்கே?" என்று வழக்கம்போல ஒரு குரல் கொடுத்தேன். அவ்வளவுதான். லைன் முழுக்கக் கதவு திறந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். எதிர் வீட்டு லட்சுமக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். அவர் தெலுங்குக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார்.

"ஏம்மா, துண்டு கட்டியிருக்கு, கண்ணு தெரியலியா? அந்த வீட்டு ரெட்டியூரார் இப்பதான் வந்து படுத்தாரு."

அப்போதுதான் பார்த்தேன். ஒரு வீட்டு நாதாங்கியில் சிவப்புத் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது. தள்ளி இன்னொரு வீட்டில் கட்டம் போட்ட துண்டு.

எங்கள் லைனில் அதுதான் சட்டம். ராத்திரி முழுக்க மூன்றாவது ஷிப்ட் பார்த்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் காலையில் வந்து இறங்குகிற ஆள், இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அவருடைய தோள்துண்டை எடுத்து வீட்டம்மா கதவு நாதாங்கியில் கட்டிவிடுவாள். துண்டு தொங்குகிற வரைக்கும் அந்தக் கதவுக்கு முன்னால் யாரும் குரல் எழுப்பக் கூடாது. யார் எழுதி வைத்தது, எப்போது வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், திருநெல்வேலியில் இருந்து வந்தவர் எல்லாருக்கும் அது புரியும். தூக்கம் கெட்ட ஆள் மெஷினில் கை வைத்தால் விரல் போய்விடும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஐஸ்காரன் எங்கள் சந்துக்குள் நுழையும்போது மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், அவுட்டா இல்லையா என்கிற சண்டையைக் கையாலேயே போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். இரண்டு பெண்கள் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு உருளும்போதும் ஒரு சத்தம் வராது. அழ வேண்டிய பிள்ளை லைன் கடைசியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடும். அங்கே உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு விளையாட்டுக்குத் திரும்பி வரும். அழுவதற்கு என்று ஓர் இடத்தை அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

துண்டை அவிழ்ப்பது பிள்ளைகளின் உரிமை. அதற்கு அடிதடியே நடக்கும். தூங்கின ஆள் எழுந்து உள்ளே இருந்து இருமினால் போதும், அந்த வீட்டுப் பிள்ளை முடிச்சை அவிழ்த்துத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, "எந்திரிச்சிட்டாரு" என்று கத்தியபடியே சந்தின் இந்த முனையில் இருந்து அந்த முனை வரைக்கும் ஓடும். கடைசித் துண்டும் அவிழ்ந்துவிட்டால் லைன் முழுக்க ஒரே கூச்சல்தான். காலையில் இருந்து அடக்கி வைத்திருந்த அத்தனையும் வெளியே வரும். கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்துவிட்டார்களோ என்று லட்சுமக்கா சொல்வார்.

நசீமா இந்தச் சந்தில்தான் நடை பழகினாள். பேச்சு வருவதற்கு முன்னால் அவளுக்குத் துண்டு தெரிந்தது. ஒருநாள் படியில் விழுந்து மோவாய் கிழிந்துவிட்டது. அழுவதற்கு வாயைத் திறந்தவள், எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள், துண்டு தொங்கியது, வாயை மூடிக்கொண்டாள். ரத்தம் சொட்டச் சொட்டத் தொட்டியைப் பார்த்து நடந்தாள். லட்சுமக்காதான் பின்னாலேயே ஓடித் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அய்யோ தல்லி, என் தாயே, சின்னப் புள்ள இம்மாம் அடக்கிக்கலாமா?" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் சமத்துப் பிள்ளை என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

3

டூல் அண்ட் டை வேலை தெரிந்தவர்களுக்கு அப்போது கனடாவில் இடம் இருந்தது. இவரும் எழுதிப் போட்டார், கிடைத்தது. வந்து சேர்ந்த ஊரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு. ஓசூரில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினால் கர்நாடகம், இங்கே ஒரு ஆற்றைத் தாண்டினால் அமெரிக்கா. அங்கேயும் கம்பெனி, இங்கேயும் கம்பெனி. அங்கேயும் எல்லைக்கு அந்தப் பக்கம் விலை மலிவு என்று போய் வாங்கிக்கொண்டு வருவார்கள், இங்கேயும் அப்படியே. பனி மட்டும்தான் கூடுதல்.

நைட் ஷிப்டும் கூடவே வந்தது. இவர் காலையில் வந்து படுத்தால் இருட்டினபிறகுதான் எழுவார், சனி ஞாயிறு மட்டும் லீவு, ஞாயிறு ராத்திரி மறுபடி ஷிப்ட் தொடங்கிவிடும். பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த துண்டை நான் படுக்கையறைக் கதவில் கட்டினேன். இங்கே கைப்பிடி உருண்டை, துண்டு வழுக்கி வழுக்கி விழுந்தது. இரண்டு முடிச்சாகப் போட்டேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, நசீமா அந்தக் கதவைத் தாண்டும்போது நுனிக்காலில் நடந்தாள். இவர் எழுந்ததும் துண்டை அவிழ்த்துக்கொண்டு கூடத்தில் ஓடினாள். கத்துவதற்குத்தான் லைன் இல்லை.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். இலை உதிர்ந்து, பனி விழுந்து, பண்டிகை லீவும் முடிந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. உடனே வரச் சொல்லியிருந்தார்கள்.

வகுப்பு டீச்சர் பெயர் டோரதி. உயரமான அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. அந்த வகுப்பறைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. உள்ளே நுழைந்து நாலு எட்டு வைத்ததும், ஏனோ தெரியவில்லை, என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. டீச்சர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் கிசுகிசுவென்றுதான் பதில் சொன்னேன். இரண்டு மூன்று தடவை, "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், மிஸஸ் ஜாபர்" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தார். இங்கிலீஷ் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நசீமா பள்ளிக்கூடம் வந்த நாளில் இருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள். எழுதச் சொன்னால் எழுதுவாள், வரையச் சொன்னால் வரைவாள். விழுந்து அடிபட்டால்கூட அழமாட்டாள், கழிப்பறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவாள். விளையாட்டு மைதானத்தில் மட்டும் ஏதோ முணுமுணுப்பதைக் கேட்டதாக ஒரு பிள்ளை சொன்னதாம்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரியம்மாள் வந்திருந்தார். கையில் படிவம். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார். தமிழ் என்று சொன்னேன். வேறு? ஊரில் எதிர்வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், மாமியார் வந்தால் கொஞ்சம் உருது, டெலிவிஷனில் இந்தி என்று உள்ளதைச் சொன்னேன். எழுதுவதற்குப் படிவத்தில் இடம் போதவில்லை. மொழிகள் கூடிப்போய்ப் பிள்ளை குழம்பியிருக்கிறது, இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றார். வசந்த விடுமுறைக்குள் பேச்சு வரவில்லை என்றால், ஊரின் அந்தக் கோடியில் பேச்சு வராத பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி ஒன்று இருக்கிறது, பஸ் வந்து அழைத்துப்போகும், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கடைசியில், அம்மாவும் மிகவும் மெல்லப் பேசுகிறவர் என்று எழுதிக்கொண்டார்.

இதை வீட்டில் வந்து சொன்னபோது, அவ்வளவு கவலைக்கு நடுவிலும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு, நீயா? நாகரசம்பட்டிக்குப் போன் போட்டுச் சொல்லணுமே இத."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லட்சுமக்காவோடு தெலுங்குப் பாட்டுப் பாடின பிள்ளை. கீரைக்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசின பிள்ளை. வாய் பேச வராது என்று முத்திரை குத்தி பஸ்ஸில் ஏற்றப் போகிறார்கள். இவர் அதிகாரியம்மாள் சொன்னபடி வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பார்த்தார். 'ஈட் யுவர் ஃபுட், டிரிங்க் யுவர் மில்க், குட் கேர்ள்' வரைக்கும் வந்தது, அதற்குமேல் மெஷின் பாகங்களின் பெயர்தான் அவருக்குத் தெரியும். இரண்டே நாளில் விட்டுவிட்டார்.

4

டோரதி டீச்சர் மறுபடி ஒருநாள் கூப்பிட்டார். தனியாக. டானிக்கோ மாத்திரையோ எழுதித் தருவார் போலிருக்கிறது என்று போனேன். அவர் என்னைக் கைபிடித்துப் பள்ளி நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அந்த அலமாரியை நான் மறக்கமாட்டேன். மளிகைக் கடையில் புளி தனி, மிளகாய் தனி என்று வைக்கிற மாதிரி, பயத்துக்கு ஒரு தட்டு, கோபத்துக்கு ஒரு தட்டு. தம்பிப் பாப்பா பிறந்ததால் வருகிற பொறாமைக்கு, வீடு மாறிப்போன பிள்ளைக்கு, வீட்டில் யாராவது மௌத்தாகிவிட்டால் அந்தத் துக்கத்துக்கு என்று தனித்தனியாக. எல்லாம் படம் போட்ட புத்தகங்கள், எல்லாம் பிள்ளைகளுக்கு. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நமக்குத் தெரிந்த பிள்ளைப் புத்தகம் என்ன? பொய் சொல்லாதே, அம்மா பேச்சைக் கேள், பெரியவர்களுக்கு மரியாதை கொடு. பிள்ளைக்கு வேலை வைக்கிற புத்தகங்கள். உனக்கு உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு பிள்ளையைக் கேட்கிற புத்தகத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை. பிள்ளைக்கு வயிற்று வலி வரும், காய்ச்சல் வரும், அதற்கு மருந்து உண்டு. மனசுக்குள் ஒன்று வரும், அதற்கும் ஒருவர் உட்கார்ந்து யோசித்து, படம் வரைந்து, அச்சடித்து, காசில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோ என்று கொடுக்கிறார்கள் என்றால், இது என்ன ஊர், இவர்கள் என்ன மனிதர்கள் என்று மலைத்துப்போனேன்.

டீச்சர் எடுத்துக் கொடுத்தது கரடிப் புத்தகம்.

கதை சின்னது. ஒரு கரடிக்குட்டிக்கு உறுமல் வரும். உறுமினால் யாருக்காவது தொந்தரவாகிவிடுமோ என்று விழுங்கிவிடும். விழுங்க விழுங்க வயிறு பெரிதாகும். கதவுக்குள் நுழைய முடியாது, படுக்க முடியாது. அம்மா கரடி என்னாச்சு ஏதாச்சு என்று ஒன்றும் கேட்காமல் அதை மலைமேல் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். குட்டி ஒரு சின்ன உறுமல் விடும். அம்மா திட்டாது, சிரிக்காது. "இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்கும். குட்டி இன்னும் கொஞ்சம் உறுமும். "இன்னும் இருக்கா?" அவ்வளவுதான் கதை.

கடைசிப் பக்கம் பிள்ளைகளுக்கு இல்லை, பெற்றவர்களுக்கு. பொடி எழுத்து. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்க, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாக அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். புரியாத சொல்லை எல்லாம் இவர் எழுந்ததும் கேட்டேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படியுங்கள், பாடம் நடத்தாதீர்கள். ஏன் பேசவில்லை என்று கேட்காதீர்கள். பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அது பிள்ளைக்கு மிக நல்ல காரணமாக இருக்கும். நீங்கள் காத்திருங்கள். அந்தப் பக்கத்தின் சாரம் இவ்வளவுதான்.

நாகரசம்பட்டிக்காரி ஒருத்தி வின்ட்சரில் குழம்பு கிண்டிக்கொண்டே இதைப் படிப்பாள் என்று எழுதினவருக்குத் தெரியாது. ஆனால் எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது. தாயென்றால் எல்லாம் தெரிந்திருக்கும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். தாய்க்கும் தெரியாமல் போகும், அவளுக்கும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே. அந்த ஆச்சரியத்தில் குழம்பு சிந்திவிட்டது.

5

பள்ளிக்கூட நாளெல்லாம் சாயங்காலம் படித்தோம். இங்கிலீஷை இங்கிலீஷாகப் படிக்க எனக்கு வராது. படத்தைப் பார்த்து நம்ம தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். கரடி மூக்கண்டப்பள்ளிக் கரடியாகிவிட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. நசீமா கேட்பாள், பக்கத்தைத் திருப்புவாள். "இன்னும் இருக்கா?" என்று நான் கேட்பேன். "ஒண்ணுமில்லம்மா" என்பாள், எழுந்து போய்விடுவாள். காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. சோறு வேகிற வரைக்கும் பொறுக்காதவள் நான். பலநாள், வாயத் திறந்து சொல்லித் தொலையேண்டி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்து, கடைசிப் பக்கத்தை நினைத்து விழுங்கினேன். அந்தக் குட்டிக்கரடியைவிட எனக்குத்தான் வயிறு பெரிதாகிக்கொண்டிருந்தது.

வசந்த விடுமுறை கிட்டே வந்துவிட்டது. திங்கட்கிழமை வரச் சொல்லி, அதிகாரியம்மாளும் இருப்பார், கையெழுத்துக்குத் தயாராக வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. இவருக்கு லீவு, விழித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கதவில் துண்டு இல்லை. நான் நசீமாவை மடியில் போட்டுக்கொண்டு கடைசித் தடவையாக அந்தப் புத்தகத்தை எடுத்தேன். உறுமுகிற பக்கம் வந்தது. இவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா புள்ள, கரடி உறுமுதுன்னு போட்டிருக்கு, நீ என்னமோ காதுல ரகசியம் சொல்ற மாதிரி படிக்கிறே?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாளும் இந்தக் கதையை நான் கிசுகிசுத்தே படித்திருக்கிறேன். சாயங்காலம் இவர் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம், கதவில் துண்டு இருக்கும் நேரம்.

"கரடின்னா இப்படி உறுமணும்" என்று இவர் தரையில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு உறுமல் உறுமினார். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நசீமா கண்ணை அகல விரித்தாள். நானும் விடவில்லை. தோப்பில் கூப்பிட்ட தொண்டையை எடுத்து ஒரு உறுமல் உறுமினேன். பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளும் உறுமினாள். மூன்று பேரும் மாறி மாறி உறுமினோம். அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. என் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு யோசித்தாள். நான் காத்திருந்தேன்.

"அம்மா, எங்க கிளாஸ்ல தூங்கிக்கினு இருக்கிறாரே, அவரு எப்பம்மா எந்திரிப்பாரு?"

"யாரும்மா?"

"தெரியல. உள்ள ஒரு ரூம் இருக்குல்ல. அந்தக் கதவுல துண்டு கட்டியிருக்கு. எப்பப் பாத்தாலும் கட்டியே இருக்கு. உள்ள இருட்டாவே இருக்கு. டீச்சர்கூட மெதுவாத்தான் தொறந்துட்டு மெதுவாச் சாத்துவாங்க."

ஆமாம், வகுப்பறையின் பின்பக்கம் சின்னதாக ஒரு சாமான் அறை, கைப்பிடியில் நீலத் துண்டு. நானும் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் என் குரலும்தான் இறங்கியிருக்கிறது.

"மத்த புள்ளைங்க சத்தம் போடுதுங்களேம்மா?" என்று கேட்டார் இவர்.

"அதுங்களுக்குத் தெரியாதுத்தா" என்றாள் என் மகள். "எனக்குத் தெரியும்ல."

இவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒரு குளிர்காலம் முழுக்க, வகுப்பே கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும் முன்பின் பார்க்காத ஒரு மனிதனின் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள். விரல் போய்விடக் கூடாது என்று அவள் காப்பாற்ற நினைத்த அந்த மனிதன் இல்லவே இல்லை. குழப்பம் என்று எழுதிவைத்தார்களே, என் பிள்ளையிடம் ஒரு குழப்பமும் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சொன்ன அந்த நல்ல காரணம் இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

6

திங்கட்கிழமை இவர் ஷிப்ட் முடித்து அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். அதிகாரியம்மாள் அலுவலக அறையில் படிவத்தோடு காத்திருந்தார். நான் நேராக வகுப்பறைக்குப் போனேன். டோரதி டீச்சரைச் சாமான் அறைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். இங்கிலீஷ் தீர்ந்துபோன இடத்தில் நடித்துக் காட்டினேன். கன்னத்தில் கை வைத்துத் தூங்கினேன், துண்டு கட்டினேன், வாயில் விரல் வைத்தேன், நசீமாவைக் காட்டினேன். விட்ட இடத்தை இவர் எடுத்துச் சொன்னார்.

டீச்சருக்குப் புரிந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கொக்கி உடைந்துவிட்டது" என்றார். "கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று, இடுக்கில் சிக்கி நிற்கும்படி நான்தான் கட்டினேன். பள்ளி திறந்த வாரமே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்றிலிருந்து இன்று வரைக்குமா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நசீமாவிடம், அசட்டுப் பெண்ணே அங்கே யாருமில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னிடம், "உங்கள் ஊரில் துண்டை யார் அவிழ்ப்பார்கள்?" என்று கேட்டார்.

"பிள்ளைகள்தான்."

டீச்சர் நசீமாவைக் கூப்பிட்டார். மற்ற பிள்ளைகள் வரைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "நேரமாகிவிட்டது. நீ அவிழ்க்கிறாயா?" என்றார்.

நசீமா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். எட்டி நின்று, நகத்தாலும் பல்லாலும் அந்த முடிச்சை அவிழ்த்தாள். கதவு தானாகவே திறந்துகொண்டது. டீச்சர் விளக்கைப் போட்டார். உள்ளே வண்ண டப்பாக்கள், காகிதக் கட்டு, ஒரு பழைய துடைப்பம்.

"ஆளக் காணோம்" என்றாள், கிசுகிசுப்பாக.

"ஷிப்டுக்குப் போயிருப்பாரும்மா" என்றார் அவள் அத்தா.

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டுட்டுத்தான் போனாரு" என்றேன்.

அது அவளுக்குப் போதுமாக இருந்தது. கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். வகுப்பு வாசலுக்குப் போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீண்டு கிடந்த நடைவழியைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். துண்டைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"எந்திரிச்சிட்டாரு! எந்திரிச்சிட்டாரு!"

அந்த முனை வரைக்கும் ஓடினாள். அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. டீச்சர்கள் எட்டிப் பார்த்தார்கள். அலுவலக அறையில் இருந்து அதிகாரியம்மாள் படிவமும் கையுமாக வெளியே வந்து நின்றார். என்ன ஏது என்று தெரியாமலே வகுப்புப் பிள்ளைகள் அத்தனையும் அவள் பின்னால் ஓடின. அவள் சொன்னதைத் தங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிக் கத்தின. இவர் சுவரில் சாய்ந்துகொண்டு துண்டால், இல்லை, கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. இதயம் அடித்துக்கொள்வது என் முழங்காலில் தெரிந்தது. நான் குனிந்து கேட்டேன்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா" என்றாள்.

நான் காத்திருந்தேன்.